தக்கவைப்பு ஷரத்தும் தொழிற்சங்கமும்: அமெரிக்கப் பேஸ்பாலின் வர்க்க வரலாறு

(தொழிற்சங்கக் கல்வி வகுப்பு ஒன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

தொழிற்சங்க வரலாறு என்றதும் பஞ்சாலையும் சுரங்கமும் ரயில்வேயும் துறைமுகமும் நினைவுக்கு வருவது இயல்பு. விளையாட்டு மைதானம் அந்த வரிசையில் வருவதில்லை. விளையாட்டு ஓய்வு நேரத்துக்கு உரியது, உழைப்போடு அதற்குத் தொடர்பில்லை என்ற எண்ணமே பரவலாக இருக்கிறது. ஆனால் மக்கள் காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கத் தொடங்கிய நாளிலேயே விளையாட்டு ஒரு தொழிலாகிவிடுகிறது. மைதானத்துக்கு ஒரு முதலாளி இருக்கிறார். ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் தருகிறார். வசூலுக்கும் சம்பளத்துக்கும் இடையில் இலாபம் பிறக்கிறது. முதலாளித்துவ உற்பத்தி உறவு அங்கேயும் தன் வேலையைச் செய்கிறது.

இதை மிகத் தெளிவாகக் காட்டும் வரலாறு அமெரிக்கப் பேஸ்பாலின் வரலாறு. கிரிக்கெட்டை அறிந்தவர்களுக்கு அந்த ஆட்டத்தைப் புரிந்துகொள்வது கடினமல்ல. அணிக்கு ஒன்பது பேர். பந்தெறிவாளர் வீச, மட்டையாளர் அடித்துவிட்டு, சதுரமாக அமைந்த நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். ஒவ்வோர் அணிக்கும் ஒன்பது இன்னிங்ஸ். பந்தை எல்லைச் சுவருக்கு அப்பால் அடித்தால் அது ஹோம் ரன். ஒரு மட்டையாளரின் திறன் மட்டைச் சராசரியால் அளக்கப்படுகிறது. ஆயிரம் வாய்ப்புகளில் 300 முறை வெற்றிகரமாக அடித்துத் தளம் சேர்ந்தால் அவரது சராசரி .300. அதுவே சிறந்த ஆட்டக்காரரின் அடையாளம். இந்த எண்களை அமெரிக்கர்கள் நூற்றைம்பது ஆண்டுகளாகப் பதிவேட்டில் எழுதிப் போற்றி வருகின்றனர். யாருடைய எண்கள் எழுதப்பட்டன, யாருடையவை எழுதப்படவில்லை என்பதிலும் வர்க்கமும் நிறமும் இருந்தன.

வீரர்கள் பெயரில் தொடங்கி முதலாளிகள் பெயரில்

1869ஆம் ஆண்டு சின்சினாட்டி நகரின் ரெட் ஸ்டாக்கிங்ஸ் அணி, தன் வீரர்கள் அனைவருக்கும் வெளிப்படையாகச் சம்பளம் வழங்கிய முதல் அணியாகக் களமிறங்கியது. அணியின் தலைசிறந்த வீரர் ஜார்ஜ் ரைட் அந்தப் பருவத்துக்கு 1,400 டாலர் பெற்றார். இரண்டு ஆண்டுகளில், 1871இல், முதல் தொழில்முறை அமைப்பு உருவானது. அதன் பெயர் 'தொழில்முறைப் பேஸ்பால் வீரர்களின் தேசியச் சங்கம்'. வீரர்கள் ஓர் அணியிலிருந்து இன்னோர் அணிக்குத் தம் விருப்பப்படி சென்றனர். நல்ல ஆட்டக்காரருக்குப் போட்டி இருந்தது. ஆகவே சம்பளமும் உயர்ந்தது.

முதலாளிகளுக்கு இது பிடிக்கவில்லை. 1876இல் சிகாகோ வணிகர் வில்லியம் ஹல்பர்ட் முன்னின்று புதிய அமைப்பைத் தோற்றுவித்தார். அதுவே இன்றுவரை நீடிக்கும் நேஷனல் லீக். அதன் முழுப்பெயர் 'தொழில்முறைப் பேஸ்பால் கிளப்புகளின் தேசிய லீக்'. 'வீரர்கள்' இருந்த இடத்தில் 'கிளப்புகள்' வந்து அமர்ந்தன. ஒரு சொல் மாற்றத்தில் ஒரு தொழிலின் அதிகாரம் கைமாறியது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1879இல், கிளப் முதலாளிகள் தங்களுக்குள் ஓர் இரகசிய உடன்பாடு செய்துகொண்டனர். ஒவ்வொரு கிளப்பும் ஐந்து வீரர்களின் பெயரைத் தனக்கென்று குறித்துக்கொள்ளும். அந்த ஐவரை வேறு எந்தக் கிளப்பும் பணியமர்த்தாது. ஐந்து என்ற எண்ணிக்கை அடுத்த பத்தாண்டுகளில் படிப்படியாக வளர்ந்து ஏறக்குறைய முழு அணியையும் விழுங்கியது. பின்னர் அது ஒவ்வொரு வீரரின் ஒப்பந்தத்திலும் எழுதப்பட்டது. இதுவே தக்கவைப்பு ஷரத்து.

ஷரத்து செயல்பட்ட விதம் எளிமையானது. ஒப்பந்தம் ஓராண்டுக்கு உரியது. அடுத்த ஆண்டுக்கான சம்பளத்தில் உடன்பாடு ஏற்படாவிட்டால், அதே ஒப்பந்தத்தை மேலும் ஓராண்டு நீட்டித்துக்கொள்ளக் கிளப்புக்கு உரிமை உண்டு. அப்படி நீட்டிக்கப்பட்ட ஒப்பந்தத்திலும் அதே ஷரத்து இருக்கிறது என்று முதலாளிகள் பொருள் கூறினர். ஓராண்டு ஒப்பந்தம் வாழ்நாள் ஒப்பந்தமானது. கிளப் வீரரை விற்கலாம், வேறொருவருக்கு ஈடாக மாற்றலாம், பத்து நாள் அறிவிப்பில் வீட்டுக்கு அனுப்பலாம். வீரருக்கு இருந்த ஒரே சுதந்திரம் ஆட்டத்தையே கைவிட்டுப் போவது.

உழைப்புச் சக்தியை விற்பவன் சந்தையில் சுதந்திரமானவன் என்று முதலாளித்துவம் சொல்கிறது. அந்தப் பெயரளவுச் சுதந்திரத்தைக்கூட மறுத்த ஒரு தொழில், முதலாளித்துவத்தின் தலைமை நாட்டில் ஏறத்தாழ நூறாண்டு சட்டத்தின் பாதுகாப்போடு நடந்தது.

1890: சங்கம் கண்ட வெற்றியும் தோல்வியும்

எதிர்ப்பு விரைவிலேயே எழுந்தது. ஜான் மான்ட்கோமரி வார்டு என்பவர் 1880இல், இருபது வயதில், எதிரணியின் ஒருவரையும் தளமேறவிடாமல் முழு ஆட்டத்தையும் வீசி முடித்த பந்தெறிவாளர். ஆடிக்கொண்டே கொலம்பியா சட்டக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றவர். 1885இல் அவர் தலைமையில் தொழில்முறைப் பேஸ்பால் வீரர்களின் சகோதரத்துவச் சங்கம் பிறந்தது. விளையாட்டு உலகின் முதல் தொழிற்சங்கம் அது. பேஸ்பால் வீரன் ஓர் உடைமைப் பொருளா என்று தலைப்பிலேயே கேள்வி எழுப்பி, 1887இல் வார்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்.

முதலாளிகளின் பதில் மேலும் இறுக்குவதாக இருந்தது. வீரர்களை ஐந்து வகுப்புகளாகப் பிரித்து, 1,500 முதல் 2,500 டாலர் வரை சம்பள உச்சவரம்பு விதித்தனர். ஆட்டத் திறனோடு, மைதானத்துக்கு வெளியே ஒருவரின் நடத்தையும் அவரது வகுப்பைத் தீர்மானிக்கும் என்றனர். சங்கம் 1890இல் தனக்கென்று ஒரு லீகையே தொடங்கிவிட்டது. நேஷனல் லீகின் பெரும்பாலான முன்னணி வீரர்கள் அதில் சேர்ந்தனர். தக்கவைப்பு ஷரத்து இல்லை. இலாபத்தில் வீரர்களுக்கும் பங்கு. நிர்வாகத்தில் வீரர்களின் பிரதிநிதிகள். அந்த ஆண்டு பழைய லீகைவிடப் புதிய லீகுக்கே கூட்டம் அதிகம் வந்தது.

இருந்தும் அந்த லீக் ஒரே பருவத்தில் முடிந்தது. மைதானம் அமைக்கவும் செலவுகளைத் தாங்கவும் பணம் போட்ட கூட்டாளிகள் செல்வர்கள். இருதரப்பும் நட்டப்பட்ட நிலையில், நேஷனல் லீகின் தளபதியும் விளையாட்டுப் பொருள் உற்பத்தியாளருமான ஆல்பர்ட் ஸ்பால்டிங் அந்தக் கூட்டாளிகளைத் தனியே அழைத்துப் பேசினார். ஒருவர்பின் ஒருவராக அவர்கள் விலகினர். வீரர்கள் தோற்கவில்லை, அவர்களோடு நின்ற மூலதனம் தன் இனத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டது. தக்கவைப்பு ஷரத்து மீண்டும் வந்தது.

இந்தத் தோல்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. 1884இல் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்னும் கறுப்பின வீரர், அப்போது பெரிய லீகாகக் கருதப்பட்ட அமெரிக்கன் அசோசியேஷனின் டொலிடோ அணியில் ஆடினார். 1887 ஜூலை 14 அன்று இன்டர்நேஷனல் லீகின் முதலாளிகள் கறுப்பின வீரர்களோடு இனி புதிய ஒப்பந்தம் செய்வதில்லை என்று வாக்களித்து முடிவு செய்தனர். அதே நாளில் சிகாகோ அணியின் புகழ்பெற்ற தலைவர் கேப் ஆன்சன், ஜார்ஜ் ஸ்டோவி என்னும் கறுப்பினப் பந்தெறிவாளர் களத்தில் இருந்தால் ஆட முடியாது என்று மறுத்தார். பெரிய லீகுகளில் எழுதப்படாத தடையாகவே அது நிலைபெற்றது. வெள்ளையின வீரர்களின் சங்கம் தம் நிலையை அடிமைத்தனத்தோடு ஒப்பிட்டுப் பேசியது. உண்மையான அடிமைகளின் பிள்ளைகள் அதே ஆண்டுகளில் மைதானத்திலிருந்து வெளியேற்றப்பட்டபோது அதை எதிர்த்து அது போராடவில்லை. இந்த முரண்பாடு அடுத்த நூறாண்டுக் கதை முழுவதிலும் தொடர்கிறது.

நீதிமன்றமும் நீதிபதியும்

1901இல் அமெரிக்கன் லீக் தோன்றியது. 1903இல் இரு லீகுகளின் வெற்றியாளர்களும் மோதும் உலகத் தொடர் தொடங்கியது. 1914, 1915ஆம் ஆண்டுகளில் ஃபெடரல் லீக் என்னும் மூன்றாவது லீக் போட்டிக்கு வந்தது. வீரர்களுக்குச் சம்பளம் உயர்ந்தது. பெரிய லீகுகளின் ஏகபோகத்தை எதிர்த்து அது தொடுத்த வழக்கு கெனசா மவுன்டன் லாண்டிஸ் என்னும் நீதிபதியிடம் வந்தது. அவர் ஓராண்டு தீர்ப்புச் சொல்லாமல் வைத்திருந்தார். அதற்குள் பண நெருக்கடியில் இருந்த ஃபெடரல் லீக் பெரிய லீகுகளோடு சமரசம் செய்துகொண்டு கலைந்தது.

சமரசத்தில் சேராத பால்டிமோர் கிளப் தனியே வழக்காடியது. 1922 மே 29 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நீதிபதி ஆலிவர் வென்டல் ஹோம்ஸ் எழுதிய அந்தத் தீர்ப்பின்படி, பேஸ்பால் மாநிலங்களுக்கிடையிலான வணிகம் அல்ல; ஆகவே ஏகபோகத் தடுப்புச் சட்டம் அதற்குப் பொருந்தாது. அணிகள் மாநிலம் விட்டு மாநிலம் ரயிலில் பயணம் செய்தன. வீரர்கள் மாநிலம் விட்டு மாநிலம் விற்கப்பட்டனர். ஆயினும் அது வணிகமல்ல என்றது நீதிமன்றம்.

நீதிபதி லாண்டிஸ் யார் என்பது தொழிலாளி வர்க்கத்துக்குத் தெரிந்த செய்தி. முதல் உலகப்போரை எதிர்த்ததற்காக உலகத் தொழில்துறைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்கள் மீது 1918இல் சிகாகோவில் நடந்த பெரும் வழக்கை விசாரித்தவர் அவர்தான். அச்சங்கத்தின் தலைவர் பில் ஹேவுட்டுக்கு அவர் இருபது ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தார். ஹேவுட் சோவியத் ருஷ்யாவுக்குச் சென்று அங்கேயே மறைந்தார். அவரது அஸ்தியில் ஒரு பகுதி கிரெம்ளின் சுவரிலும், மறுபகுதி சிகாகோவில் மே தினத் தியாகிகளின் நினைவுச் சின்னத்துக்கு அருகிலும் வைக்கப்பட்டது.

அந்த லாண்டிஸைத்தான் 1920இல் பேஸ்பால் முதலாளிகள் தங்கள் முதல் ஆணையராக்கினர். 1919 உலகத் தொடரில் சூதாட்டக்காரர்களிடம் பணம் பெற்றதாகச் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியின் எட்டு வீரர்கள்மீது குற்றச்சாட்டு இருந்தது. 1921இல் நீதிமன்ற ஜூரி அவர்களை விடுவித்தது. மறுநாளே லாண்டிஸ் எட்டுப் பேரையும் வாழ்நாள் முழுமைக்கும் தடை செய்தார். அந்தத் தொடரில் .375 சராசரியோடு ஆடிய ஜோ ஜாக்சனும் அவர்களில் ஒருவர். சூதாட்டத்துக்கு ஆட்டத்தை விற்றதை நியாயப்படுத்த இயலாது. ஆனால் முதலாளிகள் அமர்த்திய ஒரே மனிதர் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்தார் என்பதும், தண்டிக்கப்பட்டவர்களுக்காகப் பேச ஒரு சங்கம் இல்லை என்பதும் வரலாறு.

நிறச்சுவரும் அதை இடித்தவர்களும்

கறுப்பின மக்கள் தங்கள் லீகைத் தாங்களே கட்டினர். 1920 பிப்ரவரியில் கான்சஸ் நகரில் ரூப் ஃபாஸ்டர் தலைமையில் நீக்ரோ நேஷனல் லீக் உருவானது. ஜாஷ் கிப்சன் போன்ற மட்டையாளர்களும் சாச்செல் பெய்ஜ் போன்ற பந்தெறிவாளர்களும் அங்கே ஆடினர். தெற்கு மாநிலங்களில் அவர்களுக்கு உணவகமும் விடுதியும் மறுக்கப்பட்டன. பயணம் பேருந்தில், பல இரவுகளில் உறக்கமும் அதிலேயே.

இந்தத் தடையை எதிர்த்து முதலில் தொடர்ந்து எழுதியவை கறுப்பினப் பத்திரிகைகள். பிட்ஸ்பர்க் கூரியரின் வென்டல் ஸ்மித், பால்டிமோர் ஆஃப்ரோ அமெரிக்கனின் சாம் லேசி ஆகியோரின் பெயர்கள் இங்கே முதலில் சொல்லப்பட வேண்டும். வெள்ளையினர் நடத்திய நாளேடுகள் பெரும்பாலும் மௌனம் காத்தன. அந்த மௌனத்தைக் கலைத்தது அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியின் டெய்லி ஒர்க்கர். 1936இல் அந்த ஏட்டின் விளையாட்டுப் பகுதிக்கு லெஸ்டர் ராட்னி பொறுப்பேற்றார். வெள்ளையின வீரர்களிடமும் பயிற்சியாளர்களிடமும் நேரில் சென்று, கறுப்பின வீரர்களோடு ஆடத் தயாரா என்று கேட்டுப் பதில்களை அச்சிட்டார். தயார் என்றே பலர் சொன்னார்கள். வீரர்கள் ஏற்கமாட்டார்கள் என்ற முதலாளிகளின் சாக்கு பறிபோனது. தொழிற்சங்கங்கள் மே தின ஊர்வலங்களில் இந்தக் கோரிக்கையை எழுப்பின. மைதான வாயில்களில் இளைஞர்கள் கையெழுத்துத் திரட்டினர்.

1942இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் மேலாளர் லியோ டுரோச்சர், அனுமதி கிடைத்தால் கறுப்பின வீரர்களைச் சேர்த்துக்கொள்ளத் தயார் என்று சொன்னதை டெய்லி ஒர்க்கர் வெளியிட்டது. லாண்டிஸ் அவரை அழைத்துப் பேசியபின், அப்படி ஒரு தடை எந்த விதியிலும் இல்லை என்று அறிக்கை விட்டார். எழுதப்படாத தடைக்கு இதுவே வசதி. 1943 டிசம்பரில் பால் ராப்சன் முதலாளிகளின் கூட்டத்திலேயே சென்று இதைப் பேசினார்.

1945 அக்டோபரில் புரூக்ளின் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி, ஜாக்கி ராபின்சனை ஒப்பந்தம் செய்ததாக அறிவிக்கப்பட்டது. ஓராண்டு மான்ட்ரியலில் ஆடியபின், 1947 ஏப்ரல் 15 அன்று ராபின்சன் பெரிய லீகில் கால் வைத்தார். இருபதாம் நூற்றாண்டில் அதுவே முதல்முறை. மைதானத்தில் வசை, ஓட்டல்களில் மறுப்பு, கொலை மிரட்டல் கடிதங்கள் அனைத்தையும் தாங்கி, 1949இல் .342 சராசரியோடு லீகின் முதல் மட்டையாளராகவும் மிகச்சிறந்த வீரராகவும் ஆனார். தகுதியில்லாதவர்கள் என்று சொன்னவர்களுக்கு அந்த எண்ணே பதில்.

முதலாளித்துவம் தன் சுவரைத் தானே இடிக்கும்போதும் கணக்குப் பார்த்தே இடிக்கிறது. ராபின்சன் ஆடிக்கொண்டிருந்த கான்சஸ் சிட்டி மொனார்க்ஸ் கிளப்புக்கு ரிக்கி ஒரு காசும் தரவில்லை. சிறந்த வீரர்களைப் பெரிய லீகுகள் எடுத்துக்கொள்ள, கறுப்பின மக்கள் கட்டிய லீகுகள் சில ஆண்டுகளில் சரிந்தன. 1949 ஜூலையில் அமெரிக்கருக்கு எதிரான நடவடிக்கைகளை விசாரிக்கும் நாடாளுமன்றக் குழுவின் முன் ராபின்சன் வரவழைக்கப்பட்டு, ராப்சனின் கருத்தை மறுத்துச் சாட்சி சொல்ல வைக்கப்பட்டார். அந்தச் சாட்சியத்திலேயே அவர் இனப் பாகுபாட்டைக் கண்டிக்கவும் செய்தார். ஆயினும் முதல் பாதியைத்தான் நாளேடுகள் கொண்டாடின. தன் வாழ்வின் இறுதியில் எழுதிய சுயசரிதையில் ராபின்சன் ராப்சன்மீது மதிப்புத் தெரிவித்தார். தனியொரு வீரரின் துணிவை மதிக்கும்போது, அவரை எந்தச் சக்திகள் எப்படிப் பயன்படுத்த முயன்றன என்பதையும் மறக்கலாகாது.

ஜாஷ் கிப்சன் அந்த ஏப்ரலைப் பார்க்கவில்லை. மூன்று மாதங்களுக்கு முன்பு, 1947 ஜனவரி 20 அன்று, முப்பத்தைந்து வயதில் மறைந்தார்.

மார்வின் மில்லரும் கர்ட் ஃப்ளட்டும்

1966இல் வீரர்கள் சங்கம் தன் செயல் இயக்குநராக மார்வின் மில்லரைத் தேர்ந்தெடுத்தது. அவர் எஃகுத் தொழிலாளர் சங்கத்தின் பொருளாதார நிபுணர். அப்போது வீரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 6,000 டாலர். சுமார் இருபது ஆண்டுகளில் அது ஆயிரம் டாலர்தான் உயர்ந்திருந்தது. மில்லர் அணி அணியாகச் சென்று வீரர்களுக்கு வகுப்பெடுத்தார். ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்கச் சொன்னார். 1968இல் விளையாட்டு உலகின் முதல் கூட்டுப்பேர ஒப்பந்தம் கையெழுத்தாகி, குறைந்தபட்சச் சம்பளம் 10,000 டாலரானது. 1970 ஒப்பந்தத்தில், தகராறுகளை நடுநிலை மத்தியஸ்தரிடம் கொண்டுசெல்லும் உரிமை கிடைத்தது. அன்று சிறியதாகத் தெரிந்த அந்த உரிமைதான் பின்னர் கோட்டையைத் திறந்த சாவி.

1969 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி, பன்னிரண்டு ஆண்டுகள் தனக்காக ஆடிய கர்ட் ஃப்ளட்டை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியது. தொடர்ந்து ஏழு ஆண்டுகள் தங்கக் கையுறை விருது பெற்ற களத்தடுப்பாளர் அவர். ஆண்டுச் சம்பளம் 90,000 டாலர். அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கறுப்பின இளைஞராகத் தெற்கு மாநிலங்களின் சிறிய லீகுகளில் அவமானங்களைத் தாங்கி வளர்ந்தவர் அவர். மில்லரைச் சந்தித்து, வழக்குத் தொடுக்கப்போவதாகச் சொன்னார். வெல்வது அரிது, வென்றாலும் பயன் அவருக்குக் கிடைக்காது, ஆட்ட வாழ்வு முடிந்துவிடும் என்று மில்லர் எச்சரித்தார். மற்ற வீரர்களுக்குப் பயன்படுமா என்பதே ஃப்ளட் திருப்பிக் கேட்ட கேள்வி. அந்த டிசம்பரில் சான் ஹுவானில் கூடிய சங்கத்தின் செயற்குழு ஒருமனதாக ஆதரித்தது. தான் விற்கவும் வாங்கவும் உரிய சொத்தல்ல என்று டிசம்பர் 24 அன்று ஆணையருக்குக் கடிதம் எழுதினார் ஃப்ளட்.

90,000 டாலர் வாங்குபவர் எப்படி அடிமை என்று அன்றைய நாளேடுகள் கேலி செய்தன. தொழிலாளர்களிடையேகூட இந்தக் கேள்வி எழுந்திருக்கும். அதற்கான பதில் கூலியின் அளவில் இல்லை. தன் உழைப்பு எங்கே, யாருக்கு, எந்த நிபந்தனையில் செல்ல வேண்டும் என்பதில் உழைப்பவனுக்குச் சொல் இருக்கிறதா என்பதே கேள்வி. நல்ல சம்பளம் அந்த உரிமையின் இடத்தை நிரப்பாது என்பதை ஃப்ளட் புரிந்துகொண்டிருந்தார்.

1970இல் நியூயார்க்கில் விசாரணை நடந்தது. ஜாக்கி ராபின்சன் தளர்ந்த உடலோடு வந்து சாட்சி சொன்னார். யூத எதிர்ப்பு வசைகளைத் தாங்கி ஆடிய பழைய வீரர் ஹேங்க் கிரீன்பெர்க்கும் சாட்சி சொன்னார். ஆனால் அப்போது ஆடிக்கொண்டிருந்த வீரர்களில் ஒருவர்கூட நீதிமன்றத்துக்கு வந்து அமரவில்லை. முதலாளிகளின் பழிவாங்கலுக்கு அஞ்சினார்கள். தீர்மானத்தில் கையுயர்த்திய ஒற்றுமை, வாயிற்படியில் நின்றுவிட்டது.

1972 ஜூன் 19 அன்று உச்ச நீதிமன்றம் 5க்கு 3 என்ற கணக்கில் ஃப்ளட்டின் வழக்கைத் தள்ளியது. 1922 தீர்ப்பு முரணானதுதான் என்று ஒப்புக்கொண்டே, அதைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை என்றது. ஃப்ளட் 1971இல் வாஷிங்டன் அணிக்காகப் பதின்மூன்று ஆட்டங்கள் மட்டும் ஆடிவிட்டு ஓய்ந்திருந்தார்.

சாவி திறந்த கதவு

நீதிமன்றம் மூடிய கதவைச் சங்கம் வேறு வழியில் திறந்தது. 1972 ஏப்ரலில் ஓய்வூதிய நிதிக்காக வீரர்கள் பதின்மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தனர். 86 ஆட்டங்கள் நடக்கவில்லை. பேஸ்பால் வரலாற்றின் முதல் பொது வேலைநிறுத்தம் அது. வீரர்கள் தங்கள் பலத்தை அதில் கண்டுகொண்டனர்.

1975இல் ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்னாலி என்னும் இரு பந்தெறிவாளர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமல், நீட்டிக்கப்பட்ட ஓராண்டை முடித்தனர். மெக்னாலி நடுப்பருவத்திலேயே ஓய்வுபெற்றுச் சொந்த ஊர் திரும்பிவிட்டவர். வழக்கை உடைக்க அவரைத் தேடிச் சென்று பணம் தர முன்வந்தார்கள். அவர் மறுத்தார். 1975 டிசம்பர் 23 அன்று மத்தியஸ்தர் பீட்டர் சைட்ஸ் தீர்ப்பளித்தார்: ஓராண்டு நீட்டிப்பு என்றால் ஓராண்டுதான். முதலாளிகள் அன்றே அவரைப் பதவிநீக்கம் செய்தனர். தீர்ப்பை நீக்க முடியவில்லை. தொண்ணூற்றாறு ஆண்டுகள் நின்ற ஷரத்து சரிந்தது. 1976 ஒப்பந்தத்தில், ஆறு ஆண்டுகள் ஆடிய வீரர் தன் கிளப்பைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றார்.

முதலாளிகள் ஓயவில்லை. 1981இல் ஐம்பது நாள் வேலைநிறுத்தம். எழுநூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ரத்து. 1985 முதல் 1987 வரை வேறு கிளப்பின் வீரர்களை எடுப்பதில்லை என்று தங்களுக்குள் இரகசியமாகக் கூடிக்கொண்டனர். அது 1879இன் மறுபதிப்பு. இம்முறை சங்கம் இருந்தது; பிடிபட்டு, 1990இல் 280 மில்லியன் டாலர் ஈடு செலுத்தினர். 1994 ஆகஸ்ட் 12 அன்று சம்பள உச்சவரம்பை எதிர்த்து மீண்டும் வேலைநிறுத்தம். 1904க்குப் பின் முதல்முறையாக உலகத் தொடர் நடக்கவில்லை. 1995 மார்ச் 31 அன்று நீதிபதி சோனியா சோட்டோமயர் முதலாளிகளுக்கு எதிராகத் தடையாணை பிறப்பித்தபின் ஆட்டம் தொடங்கியது. உச்சவரம்பு இன்றுவரை வரவில்லை.

ஃப்ளட் 1997 ஜனவரி 20 அன்று மறைந்தார். மறு ஆண்டு அவர் பெயரில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் மில்லருக்கு அவர் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்துத்தான் இடம் அறிவிக்கப்பட்டது. ஃப்ளட்டுக்கு இன்னும் இல்லை.

எழுதப்படாத எண்களும் சேர்க்கப்படாத தொழிலாளர்களும்

2024 மே மாதம், நீக்ரோ லீகுகளின் ஆட்டக் கணக்குகள் பெரிய லீகுகளின் அதிகாரப்பூர்வப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. 2,300க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் ஏட்டில் ஏறின. ஏறத்தாழ நூறாண்டு முதலிடத்தில் இருந்த டை காபின் .367 என்னும் வாழ்நாள் சராசரி இரண்டாமிடத்துக்குச் சென்றது. முதலிடத்தில் .372 என்ற எண்ணோடு ஜாஷ் கிப்சன் பெயர். இறந்து எழுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் பதிவேடு உண்மையைச் சொன்னது. அந்த எண்களைப் பழைய நாளேடுகளிலிருந்து பல்லாண்டுகள் பொறுமையாகத் திரட்டிய ஆய்வாளர்களின் உழைப்பு இல்லாவிட்டால் இதுவும் நடந்திராது.

இன்னொரு செய்தி இதைவிட முக்கியமானது. பெரிய லீகுக்குக் கீழே, அதே முதலாளிகளின்கீழ் ஆயிரக்கணக்கான இளம் வீரர்கள் கீழ்நிலை லீகுகளில் ஆடுகின்றனர். அவர்களில் மிகச் சிலரே மேலே வருவார்கள். ஒரே அறையில் பலர் தங்கி, பருவம் முடிந்தபின் வேறு வேலை தேடிப் பிழைத்தவர்கள் அவர்கள். மில்லர் பொறுப்பேற்று ஐம்பத்தாறு ஆண்டுகள் வரை அந்தத் தொழிலாளர்கள் சங்கத்துக்கு வெளியே இருந்தனர். மேலே இருந்தவர்களின் சம்பளம் இலட்சங்களிலிருந்து கோடிகளுக்கு ஏறியது. கீழே இருந்தவர்களின் கூலி வறுமைக் கோட்டைத் தாண்டவில்லை. 2022இல்தான் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அந்த வீரர்கள் சங்கத்தில் சேர்ந்தனர். 2023 மார்ச்சில் அவர்களது முதல் கூட்டுப்பேர ஒப்பந்தம் முடிந்தது. மிக அடிமட்டத்தில் ஆண்டுச் சம்பளம் 4,800 டாலரிலிருந்து 19,800 ஆகவும், மேல்மட்டத்தில் 17,500 டாலரிலிருந்து 35,800 ஆகவும் உயர்ந்தது. ஓராண்டுக்குள் கிடைத்த இந்த உயர்வு, அதற்கு முந்தைய அரை நூற்றாண்டில் ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வியைச் சங்கத்தை நோக்கியும் எழுப்புகிறது.

தோழர்களே, இந்த வரலாற்றைத் தொலைதூர நாட்டின் செய்தியாக வைத்துவிட முடியாது. இந்தியாவில் 2008 முதல் கிரிக்கெட் வீரர்கள் ஏலம் விடப்படுகிறார்கள். ஏலத் தொகை மறுநாள் தலைப்புச் செய்தியாகிறது. ஆடிக்கொண்டிருக்கும் இந்திய வீரர்களுக்காகக் கூட்டுப்பேரம் பேசும் சங்கம் ஒன்று இன்னும் இல்லை என்பது செய்தியாவதில்லை.

அதைவிட நெருக்கமான பாடம் ஆலை வாயிலில் இருக்கிறது. 1885இன் சங்கம் கறுப்பின வீரர்களை வெளியே விட்டது, தோற்றது. 1966இன் சங்கம் மாபெரும் வெற்றிகளைப் பெற்றது; ஆனால் கீழ்நிலை வீரர்களை அரை நூற்றாண்டு வெளியே விட்டது. இன்று இந்தியாவின் தொழிற்சாலைகளிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் ஒரே வாயிலில் நுழைந்து, ஒரே வேலையைச் செய்து, நிரந்தரத் தொழிலாளி பெறுவதில் ஒரு பங்கை மட்டும் பெறும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருக்கின்றனர். அவர்களில் பலர் வேறு மாநிலத்தவர், வேறு மொழியினர். சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் அவர்களது பெயர் இருக்கிறதா? பேச்சுவார்த்தை மேசையில் வைக்கப்படும் கோரிக்கைகளில் அவர்களது கோரிக்கை எத்தனையாவது? கூட்டத்தில் கையுயர்த்தி ஆதரித்த தோழர்கள், அவர்களில் ஒருவர் வேலைநீக்கம் செய்யப்படும் நாளில் வாயிலுக்கு வருகிறார்களா?

கர்ட் ஃப்ளட் நீதிமன்றத்தில் தனியாக அமர்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இருக்கைகள், எந்தச் சங்கத்திலும் காலியாக இருக்கக் கூடாத இருக்கைகள். அவற்றை நிரப்புவதே இன்றைய பணி.